திருமதி அன்ரன் வரவில்லை

மாண்ட்ரியல் விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். எதற்கு வந்தீர்கள்? என் நாவலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வெளியாகிறது. எதைப் பற்றிய நாவல்? பல நூற்றாண்டுகளுக்கு முன் சஹாராவில் வாழ்ந்த ஒரு பெண்ணைப் பற்றி. மூன்றாவது கேள்விதான் என் ரத்த அழுத்தத்தை ஏற்றியது. "நீங்கள் சஹாராவுக்குப் போயிருக்கிறீர்களா?"

இந்தக் கேள்வியை நான் பாளையங்கோட்டையிலேயே போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டுவிட்டேன். சோழ இளவரசனைக் குதிரையில் ஏற்றி எண்ணூறு பக்கம் ஓட்டுகிற ஆண்களிடம், "சார், நீங்கள் குதிரை ஏறியிருக்கிறீர்களா?" என்று யாராவது கேட்டதுண்டா? "இல்லை, முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியிருக்கிறேன்" என்றேன். அவர் முத்திரை குத்தினார்.

நாவலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஐந்து நாளும் நான் ஏன் கொதித்துக்கொண்டிருந்தேன் என்பது புரியாது. என் கதாநாயகி திசீரி, ஒட்டகங்களில் உப்புப் பாளம் ஏற்றிப் போய் விற்கிறவள். அவள் குலத்தில் கூடாரம் பெண்ணுக்குச் சொந்தம். கல்யாணத்துக்குத் தாய்வீட்டார் தைத்துக் கொடுப்பது. புருஷன் அதில் விருந்தாளி. ஒத்துவரவில்லை என்றால் அவள் கத்தமாட்டாள், அழமாட்டாள். அவன் வெளியே போயிருக்கும் நேரத்தில் கூடாரத்தின் வாசலை எதிர்ப்பக்கமாகத் திருப்பிக் கட்டிவிடுவாள். திரும்பி வருகிறவன் அதைப் பார்த்ததும் சேணத்தை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டவேண்டும். கூடாரம் பெண்ணுடையது என்பது சஹாரா வழக்கம். வாசலைத் திருப்புவது பழைய அரேபியப் பாலையில் இருந்ததாகச் சொல்லப்படும் வழக்கம். இரண்டையும் சேர்த்துக் கட்டியது நான். வரலாற்று நாவலில் அந்த அளவுக்குக் கை வைக்கலாம். அங்கே ஒருத்தியைச் சொல்லும்போது அவள் பெயர், பிறகு அவள் தாயின் பெயர். நானூறு பக்கத்தில் ஒரு பெண்கூடப் புருஷன் பெயரால் அழைக்கப்படுவதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே ஜெசிந்தா நின்றிருந்தார். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர், ஐம்பத்தெட்டு வயது, நீல நிறக் குளிர்கோட்டு. என் நாவலை மூன்று வருஷம் உட்கார்ந்து பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர் அவர்தான். ஞாயிறு தோறும் தொலைபேசியில் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறோம். நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. "கோமதி அக்கா, மெலிஞ்சு போனீங்கள்" என்றார், முன்னால் பார்த்த மாதிரி.

அவர் வீடு செயின்ட்-மிஷேலில், ஒரு மாடிக் குடியிருப்பில். பஸ் நிறுத்தத்திலிருந்து இருநூறு அடிதான். அதற்குள் நடைபாதைப் பிளவில் என் பெட்டியின் சக்கரம் ஒன்று கழன்று, உருண்டு, சாலையைக் கடந்து போய்விட்டது. நவம்பர் காற்று காதுக்குள் புகுந்து தலையை விறைக்க வைத்தது. திருநெல்வேலி வெயிலை இத்தனை வருஷமாகத் திட்டியதற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியாப்பமும் சொதியும். சொதி என்று கேட்டதும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை விருந்துக்கு வைப்பது சொதி. முருங்கைக்காய், பீன்ஸ், உருளைக்கிழங்கு, சிறுபருப்பு என்று கெட்டியாக இருக்கும். ஜெசிந்தா கொண்டுவந்து வைத்தது மஞ்சள் நிறத்தில் தண்ணீராக ஓடியது.

"இதுவா சொதி? இதுல காய் எங்க?"

"இதுதான் அக்கா சொதி. உங்கட கதையில மட்டும் எல்லாம் திருப்பிக் கட்டலாம், சொதியில ஏலாது" என்றார். மூன்று தடவை ஊற்றிச் சாப்பிட்டேன்.

பாளையங்கோட்டையிலிருந்து என் கணவர் செய்தி அனுப்பியிருந்தார். போய்ச் சேர்ந்தாயா என்று கேட்டிருப்பார் என நினைத்துத் திறந்தேன். "தண்ணி மோட்டார் சுவிட்ச் எங்க இருக்கு?" என்று இருந்தது. அந்த வீட்டில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை ஜெசிந்தாவோடு அவர் வேலை செய்யும் ஜான்-டலோன் சந்தைக்குப் போனேன். ஆப்பிள், பூசணி, நான் பெயர் அறியாத கீரைகள். காய்கறிக் கடை ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறார். வீட்டில் மெதுவாகப் பேசுகிறவர், ஏப்ரன் கட்டியதும் வேறு ஆளாகிவிட்டார். ஒரு கிழவி வந்து ஏதோ குற்றம் சாட்ட, இவர் பதில் சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு எனக்குச் சொன்னார். கிழவி, "போன வாரம் உன் தக்காளி என்னை ஏமாற்றிவிட்டது" என்றாளாம். "தக்காளிக்கு ஏமாற்றத் தெரியாது மதாம், நீங்கள் அதைக் குளிர்பெட்டியில் அடைத்திருப்பீர்கள்" என்றாராம் இவர். சந்தையில் எல்லோருக்கும் அவர் 'ஜசாந்த்'. இந்த ஊர் வயதான பெண்களுக்கு அந்தப் பெயர் நிறைய உண்டாம். அதனால் பெயரைக் கேட்டதும் தங்கள் ஊர்க்காரியாகவே எடுத்துக்கொண்டார்கள் என்றார்.

எதிர்க்கடையில் ஒலிவக்காய் விற்கும் அல்ஜீரியப் பெண்ணிடம் என்னைக் கூட்டிப்போனார். மொழிபெயர்க்கும்போது கூடாரத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் கேட்பாராம். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னதை ஜெசிந்தா அப்படியே தமிழில் சொன்னார்: "கூடாரம் பெண்ணுடையது. எங்கள் தெற்கில் இது எல்லோருக்கும் தெரியும். இதில் நாவல் எழுத என்ன இருக்கிறது?" சஹாராவுக்குப் போனாயா என்று கேட்காமல் விட்டாரே என்று அவர் கொடுத்த ஒலிவக்காயை நன்றியோடு தின்றேன்.

மதிய இடைவேளையில் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டோம். அப்போதுதான் ஜெசிந்தா தன் ஆசையைச் சொன்னார். வேலை முடிந்து அவர் மொழிபெயர்த்தது வீட்டில் அல்ல, செயின்ட்-மிஷேலில் உள்ள பொது நூலகத்தில், ஜன்னலோர மேசையில். அங்கே இருக்கும் அம்மா, புத்தகம் வந்ததும் இரண்டு பிரதி கொண்டுவா, எங்கள் அலமாரித் தட்டில் வைக்கிறோம் என்று சொல்லியிருக்கிறாராம்.

"திங்கக்கிழமை கொண்டுபோய்க் குடுப்பம் அக்கா. நான் கீழ் வீட்டுச் சின்னனுகளுக்குக் கதைப் புத்தகம் எடுக்கப் போற இடம் அது. அந்தத் தட்டில என்ர பேர் இருக்கவேணும். அது காணும் எனக்கு, வேற ஒண்டும் வேண்டாம்."

பெரிய ஆசை இல்லை. ஆனால் சொல்லும்போது கையில் இருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

சனிக்கிழமை நான் தனியாகப் பியர்பொன்ட்ஸுக்குப் போனேன். இங்குள்ள தமிழ் வாசகர் வட்டத்தின் தலைவர் மரியதாஸ் மாஸ்டரின் வீடு அங்கே. ஊரில் கணக்கு வாத்தியார், இங்கே வந்து தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். புத்தகத்தை அச்சுக்குக் கொடுத்தது, மண்டபம் பிடித்தது எல்லாம் அவர்தான். "ரீச்சர், நான் காரில வந்து ஏத்துறன்" என்று சொன்னார். ஒட்டகத்தில் தனியாகப் பாலைவனத்தைத் தாண்டுகிற பெண்ணைப் பற்றி எழுதிவிட்டுக் காருக்குக் காத்திருப்பதா? வேண்டாம், நானே வந்துவிடுவேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

மெட்ரோ சரியாக இருந்தது. முதல் பஸ்ஸும் சரியாக இருந்தது. இரண்டாவது பஸ்ஸுக்கு நிறுத்தத்தில் நாற்பது நிமிஷம் நின்றேன். கம்பத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, பிரெஞ்சில். சாலையெங்கும் ஆரஞ்சு நிறக் கூம்புகள். கால்விரல் மரத்துப்போன நேரத்தில் நாயோடு வந்த ஒருவர் நின்று ஆங்கிலத்தில் சொன்னார்: "அம்மா, இந்த நிறுத்தம் போன மாதமே மூடியாகிவிட்டது. தாளில் இருக்கிறதே." திசீரி நட்சத்திரத்தைப் பார்த்து வழி கண்டுபிடிப்பாள். அவளை எழுதியவளுக்கு ஒரு தாளைப் படிக்கத் தெரியவில்லை. எனக்கு என் மேல் வந்த கோபத்தை அந்த நாயின் மேல் காட்டினேன், அது பதிலுக்குக் குரைத்தது.

மாஸ்டர் வீட்டில் அவர் மனைவி சூடாகத் தேநீரும் ரோல்ஸும் கொடுத்தார். கார் நிறுத்தும் அறையில் ஐந்து அட்டைப்பெட்டிகள். மாஸ்டர் கத்தியால் ஒன்றைப் பிளந்து, முதல் புத்தகத்தை என் கையில் இரண்டு கையாலும் வைத்தார். நல்ல தாள், நல்ல அட்டை. மணல் நிறத்தில் ஒரு கூடாரம், வாசல் தெரியவில்லை, பின்புறம் மட்டும் தெரிந்தது. மேலே ச. கோமதி. விரலால் தடவிப் பார்த்தேன்.

கீழே சின்ன எழுத்தில் மொழிபெயர்ப்பாளர் பெயர். பிரெஞ்சு தெரியாத எனக்கும் அதை எழுத்துக் கூட்டிப் படிக்க முடிந்தது. மதாம் அன்ரன், அதாவது திருமதி அன்ரன்.

அன்ரன் யார் என்று எனக்குத் தெரியும். ஜெசிந்தாவின் கணவராக இருந்தவர், ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் ஒரே ஒரு தடவை வந்து போனவர். பதினெட்டு வருஷத்துக்கு முன் டொரண்டோவுக்கு வேலை தேடிப் போய், அங்கே வேறு குடும்பமாகிவிட்டவர். கோர்ட்டில் எல்லாம் முடிந்துவிட்டது.

"மாஸ்டர், இது யாரு?" என்றேன்.

"எங்கட ஜெசிந்தாதான் ரீச்சர்."

"ஜெசிந்தான்னா ஜெசிந்தான்னு போடவேண்டியதுதானே? அந்த ஆளு ஒரு வரி எழுதினாரா? ஒரு அகராதி வாங்கிக் கொடுத்தாரா? என்ன நினைச்சுக்கிட்டு இருக்கீங்க?"

மாஸ்டர் பதறிவிட்டார். "கலியாணத்தண்டு கோயில்ல எழுதினது எழுதினதுதானே ரீச்சர். பங்குப் பதிவில அவ இன்னும் திருமதி அன்ரன்தான். அழைப்பிதழும் அப்பிடித்தான் அடிச்சது. சபையில பொம்பிளைப் பிள்ளையளின்ர பேரை மொட்டையா என்னெண்டு சொல்லுறது?"

நான் விடவில்லை. பதினைந்து நிமிஷம் கத்தினேன். என் நாவலைப் படித்தீர்களா, கூடாரம் யாருடையது என்று தெரியுமா, நானூறு பக்கத்தில் ஒரு பெண்ணாவது, என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் மனைவி கதவருகில் வந்து நின்று கேட்டார். மாஸ்டர் நான் மூச்சு வாங்கும்வரை பொறுத்திருந்து, தொலைபேசியை எடுத்து, தேடி, கண்ணாடியை மூக்கில் இறக்கி என்னிடம் நீட்டினார்.

அது நான் அனுப்பிய மின்னஞ்சல். முதல் பக்கத்துக்கான விவரங்கள் கேட்டிருந்தார், நான் தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறேன். மூலம்: ச. கோமதி. மொழிபெயர்ப்பு: திருமதி அன்ரன்.

"நீங்கள் தந்ததை நான் ஒரு எழுத்தும் மாத்தேல்லை ரீச்சர்" என்றார். குரலில் வெற்றி இல்லை, வருத்தம்தான் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

ஞாபகம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் வட்டத்திலிருந்து வந்த முதல் கடிதத்தில் 'திருமதி அன்ரன் உங்கள் நாவலை மொழிபெயர்க்க விரும்புகிறார்' என்று இருந்தது. விவரம் எழுதும்போது ஜெசிந்தா என்றுதான் முதலில் அடித்தேன். வெறும் பெயர் மொட்டையாக இருக்கிறதே, அச்சில் வருவது மரியாதையாக இருக்கட்டும் என்று அழித்துவிட்டுத் திருமதி போட்டேன். மாஸ்டர் சொன்ன அதே 'மொட்டை'. நான் அவரைப் பார்த்துக் கத்திய ஒவ்வொரு வார்த்தையும் என் காதிலேயே திரும்ப ஒலித்தது.

"இப்ப திருத்த முடியாதா?"

"அடிச்சு வந்திட்டுதே. அடுத்த பதிப்பில... பேந்து பாப்பம்."

பேந்து என்றால் பிறகு. இந்த ஒரு சொல்லை எத்தனை பெண்களிடம் எத்தனை பேர் சொல்லியிருப்பார்களோ. இந்தத் தடவை சொல்ல வைத்தது நான். அவர் காரில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். வீறாப்பு எல்லாம் போய், ஏறி உட்கார்ந்தேன்.

மாலை நாலரைக்கே இருட்டிவிட்டது. ஜெசிந்தா சந்தையிலிருந்து வந்து சமையலறையில் நின்று பற்றிஸ் என்கிற உருளைக்கிழங்குப் பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். நாளைக்கு நூறு பற்றிஸ் அவர் பொறுப்பாம்.

"உங்க புத்தக வெளியீட்டுக்கு நீங்களே பலகாரமா?" என்று எரிந்து விழுந்தேன். பிறகு அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒளிய முடியாது என்று தெரிந்து, புத்தகத்தை மேசையில் வைத்தேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், மின்னஞ்சல் உட்பட.

கையைத் துடைத்துவிட்டு அட்டையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். புத்தகத்தைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார்.

"கதைக்கேக்க ஜெசிந்தா. எழுதேக்க திருமதியோ அக்கா?"

மாவை இரண்டு தடவை ஓங்கி அறைந்தார். அவர் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன். என்னைப்போல் கத்தத் தெரியாதவர் கோபம் அதிகம் சுடுகிறது.

கொஞ்ச நேரம் கழித்துக் கைப்பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து என் முன்னால் போட்டார். சூரியன் படம் போட்ட மருத்துவ அட்டை. அதில் அவர் புகைப்படமும் பெயரும்: ஜெசிந்தா மனுவேல்.

"மனுவேல் என்ர அப்பா. இந்த நாட்டுக்கு வந்த புதுசில, அரசாங்கக் கந்தோரில ஒரு பொம்பிளை சொன்னவ, கியூபெக்கில கலியாணம் கட்டினாலும் பொம்பிளைக்குப் பிறந்த பேர்தான், மாத்தேலாது எண்டு. அன்ரன் அவவோட சண்டை. நான் வீட்டை வந்து அழுதனான் அக்கா. என்னைக் கலியாணம் கட்டாத ஆள் ஆக்கிப்போட்டாங்கள் எண்டு வெக்கத்தில அழுதனான்." சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "சட்டம் எனக்கு என்ர பேரைத் தந்தது. எங்கட ஆக்கள்தான் இன்னும் தரேல்லை. திங்கக்கிழமை அந்தத் தட்டில அவரின்ர பேரைக் கொண்டுபோய் வைக்கவோ?"

"நாளைக்கு மேடையில நான் பேசுதேன்" என்றேன். "கிழிச்சுப்போடுதேன்."

"நீங்கள் கத்தவேண்டாம்" என்றார் ஜெசிந்தா. "பற்றிஸுக்கு உருளைக்கிழங்கு உரியுங்கோ." உரித்தேன்.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, கத்தோலிக்கக் கோயிலின் நிலவறை மண்டபத்தில் வெளியீடு. குத்துவிளக்கு, மௌன அஞ்சலி, ஆசியுரை, வரவேற்புரை, தலைமையுரை, பிறகு மூன்று ஆய்வுரைகள். பேசிய ஆறு பேரும் ஆண்கள். பெண்கள் சமையலறைக்கும் நாற்காலிக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தார்கள். எழுதியவளுக்கு ஏற்புரை, கடைசியில், ஐந்து நிமிஷம்.

ஆய்வுரைக்காரர் ஒருவர் நாவலைப் படித்திருக்கவில்லை. பாலை என்றதும் தமிழிலக்கியப் பாலைத் திணையைப் பிடித்துக்கொண்டார். தலைவன் பொருள் தேடிப் போவான், தலைவி கன்னத்தில் கை வைத்துக் காத்திருப்பாள், அந்தக் காத்திருப்பையே அம்மையார் சஹாராவுக்குக் கொண்டுபோயிருக்கிறார் என்று நாற்பது நிமிஷம் முழங்கினார். என் நாவலில் பொருள் தேடிப் போகிறவளே அவள்தான். ஒட்டகத்துக்குத் தண்ணீர் காட்டக்கூட அவள் ஒருவனுக்காகவும் காத்திருக்கமாட்டாள். நான் மேடையில் உட்கார்ந்து பல்லைக் கடித்தேன். ஜெசிந்தா மூன்றாம் வரிசையில் மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கரை வைத்த பச்சைச் சேலை.

முதற்பிரதி கொடுத்தாயிற்று. சிறப்புப் பிரதிகளும் கொடுத்தாயிற்று. மாஸ்டர் ஒலிவாங்கிக்கு வந்து பொன்னாடையை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்ததாக, இந்நூலைப் பிரெஞ்சு மொழிக்குக் கொண்டுசென்ற திருமதி அன்ரன் அவர்களை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்."

கைதட்டினார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை.

"திருமதி அன்ரன்."

தலைகள் திரும்பின. ஜெசிந்தா நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கேட்காதவர்போல் அல்ல. தனக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை யாரோ தேடுகிறார்கள் என்பதுபோல.

"ஜெசிந்தா, வாருமன் பிள்ளை" என்றார் மாஸ்டர், தாழ்ந்த குரலில். ஒலிவாங்கி அதையும் மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது.

ஜெசிந்தா அப்போதுதான் எழுந்தார். "திருமதி அன்ரன் வரேல்லை மாஸ்டர்" என்றார்.

"என்ன பிள்ளை, பகிடியோ?"

"பகிடி இல்லை. பதினெட்டு வருசமா அவ இஞ்ச இல்லை. அவ வந்தாப் போர்த்துங்கோ. இந்தப் புத்தகத்தைச் செய்தது ஜெசிந்தா மனுவேல். அவவைக் கூப்பிட்டா அவ வருவா." சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

மாஸ்டர் பொன்னாடையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து ஒலிவாங்கிக்குப் போனேன். கிழித்துப் போடுவதற்கு என்று தயாரித்திருந்த வார்த்தைகள் ஒன்றும் உதவவில்லை, அவை எல்லாம் மற்றவர்களுக்காகத் தயாரித்தவை. "அட்டையில் இருக்கிற பெயர் தப்பு. அதை எழுதிக் கொடுத்தது மாஸ்டர் இல்லை, நான். பெண்ணைப் புருஷன் பெயரால் கூப்பிடாத ஊரைப் பற்றி நாவல் எழுதின கையாலேயே எழுதினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது" என்றேன். ஐந்து நிமிஷ ஏற்புரை ஒரு நிமிஷத்தில் முடிந்தது.

மாஸ்டர் கெட்டவர் அல்ல. அவர் கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கணக்கு வாத்தியார் விடையைத் திருத்துவதுபோல் ஒரு கோடு போட்டு, மேலே ஏதோ எழுதினார். பிறகு ஒலிவாங்கியில் அந்த இரண்டு சொல்லை மட்டும் படித்தார். முன்னால் திருமதி இல்லை, பின்னால் அவர்கள் இல்லை.

"ஜெசிந்தா மனுவேல்."

ஜெசிந்தா கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு நடந்து வந்தார்.

அதற்குப் பிறகு பொன்னாடையை யாரும் கவனிக்கவில்லை. விற்பனை மேசையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியிலும் அந்தப் பெயரைக் கோடு போட்டு அடித்தோம். அடிப்பது நான், மேலே தன் பெயரை எழுதுவது அவர். வரிசையில் வந்த எழுபது வயது அம்மா ஒருவர், "என்ர பேரையும் எழுதித் தா பிள்ளை" என்றார். "உங்கட பேர் என்ன மாமி?" என்று ஜெசிந்தா கேட்டார். ஒரே கோயிலில் இருபது வருஷமாகப் பக்கத்துப் பெஞ்சில் இருக்கிறவர்களாம், பெயர் தெரியாது. "திரேசம்மா" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா சுற்றிலும் பார்த்துக்கொண்டார். மண்டபத்தைப் பூட்டுகிறவர் சாவியைக் குலுக்கும்வரை வரிசை குறையவில்லை. ஆய்வுரைக்காரர் மட்டும் பற்றிஸை முடித்துக்கொண்டு முன்பே கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலை நூலகத்துக்கு நடந்தோம். ஜன்னலோர மேசையை ஜெசிந்தா காட்டினார், சாதாரண மேசை. முகப்பில் இருந்த அம்மா எழுந்து வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். பிறகு இரண்டு பிரதிகளையும் வாங்கி, விவரம் பதிய உட்கார்ந்தார். அடிக்கப்பட்ட பெயரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஜெசிந்தா கைப்பையைத் திறந்து சூரியன் படம் போட்ட அட்டையை முகப்பில் வைத்தார். அந்த அம்மா அதைப் பார்த்துப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தட்டினார். ஜெசிந்தா திரையை எட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஐந்து நாளில் முதல் தடவையாக யார் மேலும் கோபம் இல்லை. என் தொலைபேசி அதிர்ந்தது. பாளையங்கோட்டையிலிருந்துதான். "சுவிட்ச் இன்னும் கிடைக்கல."

அந்த அம்மா இப்போது அட்டையின் மேல்பக்கத்தைக் காட்டி என்னிடம் ஏதோ கேட்டார்.

"உங்கட பேருக்கு முன்னால நிக்கிற எழுத்து என்ன எண்டு கேக்கிறா அக்கா" என்றார் ஜெசிந்தா. "முழுசாப் போடவேணுமாம்."

அந்த 'ச' என் கணவர் சங்கரலிங்கத்துடையது. கல்யாணமான மறுமாதம் பள்ளிக்கூடப் பதிவேட்டில் அப்பாவின் எழுத்தை அடித்துவிட்டுத் தலைமையாசிரியர் போட்டது. முப்பத்தைந்து வருஷமாக அது அங்கே நிற்கிறது. நான் அதைப் பார்த்ததே இல்லை என்றுதான் சொல்லவேண்டும்.

"என் வீட்டுக்காரர் பேரு" என்றேன்.

ஜெசிந்தா என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு அதைச் சொன்னார். அந்த அம்மா நிஜமாகவே சந்தேகப்பட்டு, விரலை விசைமேல் வைத்துக்கொண்டு திரும்பக் கேட்டார். ஜெசிந்தாவுக்கு உதட்டோரம் துடித்தது.

"அப்ப, அவரும் சேர்ந்தோ இந்தப் புத்தகத்தை எழுதினவர் எண்டு கேக்கிறா."

இருவரும் என் பதிலுக்காக நின்றார்கள். கையில் தொலைபேசி மறுபடி அதிர்ந்தது.

"இல்லன்னு சொல்லுங்க. அந்த எழுத்தை எடுத்துடச் சொல்லுங்க" என்றேன். "அவருக்கு எங்க வீட்டு மோட்டார் சுவிட்ச் எங்க இருக்குன்னுகூடத் தெரியாது."

ஜெசிந்தா அதையும் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார்.